நடுத் தொட்டி

அக்டோபர் 12, சனி

இது இவருடைய டைரி. முதல் பக்கத்தில் 'ச. தண்டபாணி, கண்காணிப்பாளர் (ஓய்வு), கருவூலம்' என்று எழுதியிருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகும் வருஷத்துக்கு ஒரு டைரியை ஒரு நாள் விடாமல் நிரப்பிவிடுவார். இதில் அக்டோபர் எட்டு வரை இவர் கையெழுத்து. பால் வந்த நேரம், ரத்த அழுத்தம், வந்த தபால். கடைசி வரி மட்டும் எல்லாப் பக்கத்திலும் ஒன்றேதான்: "மேற்கு ஜன்னல்: சாத்தியுள்ளது." ஒன்பதாம் தேதி காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. மீதிப் பக்கம் வீணாகப் போவானேன் என்று நான் எழுதுகிறேன். பேனாவை அத்தனை அழுத்திப் பிடிப்பார். நாலு நாள் தள்ளியும் இந்தத் தாளில் இவர் எழுத்து பள்ளமாகத் தடவுகிறது. அதன் மேலேயேதான் எழுத வேண்டியிருக்கிறது.

இன்று இவரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வீட்டுக்குள் அல்ல, ஜன்னல் வரைக்கும்.

மகன் நவநீதன் கப்பலில் இன்ஜினியர். தகவல் போய்ச் சேர்ந்தபோது கப்பல் நடுக்கடலில் இருந்தது. இவருடைய அண்ணன் மகன்தான் கொள்ளி வைத்தான். நேற்று ஒரு துறைமுகம் பக்கமாக வந்ததும் நவநீதன் பேசினான். "சாம்பலையாவது வெச்சிரும்மா. யாரும் கரைச்சறாதீங்க. நவம்பர் இருபத்து மூணு வந்துருவேன். பவானி ஆத்துக்கு என் கையாலதான் கொண்டு போகோணும்." அழவில்லை. அவன் அழாமல் பேசியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மின் மயானத்தில் மூன்று நாளுக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார்களாம். இவர் அண்ணன் தோட்டத்தில் வேப்பமரம் இருக்கிறது. ஆனால் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்குப் பூச்சாட்டியாகிவிட்டது, சாம்பல் பானை ஊர் எல்லைக்குள் போகக்கூடாது. "அம்மிணி, பானை வாசப்படி தாண்டி உள்ள வரப்படாது. மரத்துலதான் கட்டோணும். உங்க அப்பார்ட்மெண்ட்ல மரத்துக்கு எங்க போறது? ஜன்னக் கம்பில கட்டீருங்க" என்றார் இவர் அண்ணன்.

மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒன்றரை அடி துருத்திக்கொண்டு பெட்டி கிரில் இருக்கிறது. அதன் ஓரத்தில் ஆபத்துக்கு என்று விட்ட சின்னக் கதவு. வாட்ச்மேன் கீழே பானையைக் கயிற்றில் கட்டினார். மூன்று மாடியும் நான் இழுத்தேன். இவர் போட்ட கொசுவலைச் சட்டத்தின் பன்னிரண்டு திருகாணியையும் அதற்கு முன்னால் நானே கழற்றினேன். இருபத்து மூன்று வருஷத்தில் அந்த ஜன்னல் முழுசாகத் திறந்தது இன்றுதான். ஜன்னலைத் திறக்க விடாதவர் ஜன்னலுக்கு வெளியே தொங்குகிறார். சிரிப்பு வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை.


அக்டோபர் 14, திங்கள்

மத்தியானம் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது பானை. காற்று வந்தால் கிரில்லில் முட்டுகிறது. டக், டக், டக்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு மோதிர விரலால் மூன்று தட்டு தட்டுவார். தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். மூன்று சத்தம் கேட்டதும் நான் எழுந்து சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மேசை வரைக்கும் போய்விட்டேன். பிறகு அந்தத் தண்ணீரை நானே குடித்தேன். மயானத்தில் கழற்றிக் கொடுத்த இவர் மோதிரம் என் நடுவிரலில் தொளதொளவென்று கிடக்கிறது. வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.


அக்டோபர் 16, புதன்

கீழ் வீட்டுத் தேன்மொழி வந்தாள். அசோசியேஷன் செக்ரட்டரியும் அவள்தான். சோபா நுனியில் உட்கார்ந்துகொண்டு ஜன்னல் பக்கம் பார்க்காமலே பேசினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க்கா. எங்க வீட்டு ஜன்னலுக்கு நேரா மேல தொங்குதுங்க்கா. பத்தாம் தேதி பொண்ணுக்கு நிச்சயம். மாப்பிள வீட்டுக்காரங்க கார விட்டு எறங்கி அண்ணாந்து பாத்தா என்னங்க்கா நெனப்பாங்க?"

"நவநீதன் வர்ற வரைக்கும்தான் தேன்மொழி."

"எனக்குப் புரியுதுங்க்கா. கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஏதாச்சும் பண்ணுங்க. நாலு பூச்செடி தொட்டி வெச்சு மறைச்சுருங்க. செடிக்கு அசோசியேஷன்ல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். அந்த ஜன்னலில் செடி என்று அவள் சொன்னதும் கொக்கி மாட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அவள் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்து பத்து வருஷம்தான் ஆகிறது.


அக்டோபர் 18, வெள்ளி

அளந்தேன். கிரில்லின் உள் நீளம் ஐம்பத்தாறு அங்குலம். பதினெட்டு அங்குலத் தொட்டி மூன்று வைத்தால் இரண்டு அங்குலம் மிச்சம். அகலம் ஒரு பிரச்சினை இல்லை. கிரில் கம்பி கனம் தாங்குமா என்று வாட்ச்மேன் ஏறி நின்று காட்டினார். தாங்குகிறது.

தடாகம் ரோடு தாண்டி ஒரு நர்சரிக்குப் போனேன். சிமெண்ட் தொட்டி அழகு, ஆனால் கனம். சுட்ட மண் தொட்டி எனக்குப் பிடிக்கும், கையை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். மேலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று தெரியும். கடைசியில் மண் நிறத்தில் பிளாஸ்டிக். இரண்டு சாதாரண ஆழம், நடுவில் வைக்க ஒன்று மட்டும் ஓரடி ஆழம். பானை அதற்குள் கழுத்து வரை இறங்க வேண்டும்.

நர்சரிக்கார அம்மாள் விடவில்லை. "ஜன்னத் தொட்டிக்கு இத்தன ஆழம் எதுக்குங்? என்ன வெக்கப் போறீங்?"

"வேர் ஆழமாப் போற செடி."

"வெயில் எந்தப் பக்கமுங்?"

"மேக்கு."

மேற்கு வெயிலுக்கு டேபிள் ரோஸ் தாங்கும், தொட்டி விளிம்பில் வழிந்து முன்பக்கத்தை மறைக்கும் என்றாள். மொட்டு விட்ட செவ்வந்தி நாலு எடுத்தேன். ஒரு கட்டுப் பொதினா. கிளம்பும்போது ஒரு நாற்றைக் காகிதத்தில் சுருட்டிப் பையில் போட்டாள். "இது சும்மா வெச்சுக்கங். அந்திமந்தாரை. மேக்கு ஜன்னலுக்கு இதுதானுங் செடி. சாயங்காலம் ஆனாப் போதும், தானாப் பூத்துக்கும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் வரும்போது பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் என்று ஏன் சொல்லவில்லை என்று வீடு வரும் வரைக்கும் யோசித்தேன்.


அக்டோபர் 20, ஞாயிறு

நட்டாயிற்று. இடுப்பு ஒடிந்துவிட்டது.

தொட்டி அடியில் ஓட்டை போட்டு, ஓட்டுச் சில்லு பரப்பி, மேலே செம்மண், தேங்காய் நார்த் தூள், மண்புழு உரம் கலந்து போட்டேன். தேன்மொழி ஜன்னலில் சொட்டாமல் இருக்க அடியில் தட்டு. வேலைக்கு வரும் ராமாத்தாள் மண் கிளறித் தந்தாள், பானையை மட்டும் தொட மாட்டேன் என்றுவிட்டாள். நானே கயிற்றை அவிழ்த்து, நடுத் தொட்டியில் பானையை இறக்கி, சுற்றிலும் மண்ணை அமுக்கினேன். வாய்க்குக் கட்டிய மஞ்சள் துணியின் மேல் மழை படாமல் ஒரு மண் மூடியைக் கவிழ்த்தேன். முன்பக்கம் டேபிள் ரோஸ். இடது தொட்டியில் பொதினா, வலது தொட்டியில் செவ்வந்தி.

அந்திமந்தாரையை நடுத் தொட்டியில், பானையை ஒட்டி நட்டேன்.

"சாமிக்கு ஆகுமுங்களாம்மா, இப்படி மண்ணுக்குள்ள வெக்கறது?" என்றாள் ராமாத்தாள்.

"வீட்டுக்குள்ள வரலையே. ஜன்னலுக்கு வெளியதான இருக்கு" என்றேன். எனக்கே அது சரியாகத்தான் பட்டது.


அக்டோபர் 21, திங்கள்

சத்தம் இல்லை. நல்ல தூக்கம்.


அக்டோபர் 24, வியாழன்

மறுபடி கேட்கிறது. டக், டக், டக். காலை பதினோரு மணிக்கு, நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது. எழுந்து போய்ப் பார்த்தேன். பானை மண்ணுக்குள் அசையாமல் இருக்கிறது. அசைய வழியே இல்லை.


அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளி. நமக்கு இல்லை. ஊரெல்லாம் வெடிச் சத்தம். அதற்கு நடுவிலும் அந்த மூன்று தட்டு தனியாகக் கேட்கிறது. செடிகளுக்கு இரண்டு வேளையும் தண்ணீர் விடுகிறேன். அந்திமந்தாரை ஒரு சாண் வளர்ந்துவிட்டது.

தெருவில் போகிறவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள் என்று தோன்றியது. கதவைச் சாத்திவிட்டு கண்ணாடி வழியாகவே செடியைப் பார்த்துக்கொண்டேன்.


அக்டோபர் 29, செவ்வாய்

பால் 6.10. தபால் இல்லை.
மேற்கு ஜன்னல்: சாத்தியுள்ளது.


நவம்பர் 1, வெள்ளி

ராமாத்தாள் ஜன்னலைத் திறந்து பொதினா கிள்ளிக்கொண்டிருந்தாள். "நாலு தழைங்ம்மா, சட்னிக்கு" என்று சிரித்தாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை.

"யாரக் கேட்டு ஜன்னல்ல கை வெச்சே? சாத்து. சத்தம் தெரு வரைக்கும் கேக்குது."

அவள் தழையைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். பதினாறு வருஷமாக இந்த வீட்டில் வேலை செய்கிறாள், ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

"ஐயா போயிட்டாருன்னு நெனச்சுட்டு இருந்தனுங்" என்றாள்.

மாலையில் போகும்போது வாசலில் நின்றுகொண்டு இன்னொன்றும் சொன்னாள். "சொன்னாக் கோவிச்சுக்காதீங்ம்மா. அந்த டக்கு டக்குன்னு சத்தம் கேக்குதுன்னு சொல்றீங்கள்ல? நீங்கதானுங் தட்டறீங்க. மேச மேல. அந்த மோதரத்துல. ஒரு வாரமாப் பாத்துட்டுத்தான் இருக்கறேன்."

மோதிரத்தைக் கழற்றி அஞ்சறைப் பெட்டி அடியில் வைத்தேன். விளக்கேற்றும்போது பார்த்தால் விரலில் இருக்கிறது. நான்தான் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். வீட்டில் வேறு யாரும் இல்லையே.


நவம்பர் 4, திங்கள்

பக்கங்களைப் பின்னால் திருப்பிப் பார்த்தேன். அக்டோபர் இருபத்தொன்பதின் கடைசி வரியை நான்தான் எழுதியிருக்கிறேன். எழுதியதாக ஞாபகம் இல்லை. பேனா இவர் அழுத்துகிற மாதிரியே அழுத்தியிருக்கிறது.


நவம்பர் 8, வெள்ளி

பரணில் இருந்து இவருடைய பழைய டைரிகளை இறக்கினேன். தேட வேண்டிய வருஷம் எனக்குத் தெரியும், தேதியும் தெரியும். மார்ச் பத்தொன்பது.

"பால் 6.05. நவநீதன் படியில் விழுந்தான். வலது புருவத்தில் நான்கு தையல். மேற்கு ஜன்னல்: சாத்தியுள்ளது."

அந்த வரி முதல் தடவையாக வருவது அந்தப் பக்கத்தில்தான். முந்தின நாள் பக்கத்தில் இல்லை.

அவனுக்கு அப்போது எட்டு வயசு. இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம். படியில் விழுந்தான் என்று டாக்டரிடம் சொன்னது நான். பள்ளிக்கூடத்தில் சொன்னதும் நான். ராத்திரி அவனை மடியில் போட்டுக்கொண்டு, "யாரு கேட்டாலும் படில விழுந்தேன்னு சொல்லோணும் சாமி" என்று அவனுக்கும் சொல்லிக் கொடுத்தேன். அப்பாவுக்கு ஆபீஸில் கெட்ட பெயர் வந்துவிடும் என்று பயம். அவன் தலையை ஆட்டினான். அதற்கப்புறம் அதைப்பற்றி அவன் பேசியதே இல்லை. மறந்துவிட்டான் என்றுதான் இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்கு இவ்வளவு போதும்.


நவம்பர் 10, ஞாயிறு

கீழே நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடந்தது. செவ்வந்தி நாலும் மஞ்சளாய்ப் பூத்து நிற்கிறது, டேபிள் ரோஸ் கிரில்லுக்கு வெளியே வழிகிறது. சம்பந்தியம்மாள் காரில் இருந்து இறங்கி அண்ணாந்து பார்த்துவிட்டு, "மேல் வீட்டு ஜன்னல் எத்தன அழகு" என்றாராம். தேன்மொழி பலகாரத் தட்டோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். முப்பத்து நாலு வருஷத்தில் இவர் அழகு என்று ஒருத்தர் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

மழை பிடித்துக்கொண்டது.


நவம்பர் 13, புதன்

மூன்று நாள் மழை. இன்று வெறித்தது. தொட்டிக்கு அடியில் இருந்த தட்டை எடுத்துக் கொட்டப் போனேன். தட்டில் நின்ற தண்ணீர் சாம்பல் நிறமாக இருந்தது.

மண் மூடியைத் தூக்கினேன். மஞ்சள் துணி உள்ளே அமுங்கிக் கிடந்தது. அதன் அடியில் பானையே இல்லை. மயானத்தில் கொடுக்கிற பானை, நாலு நாளைக்குத் தாங்கினால் போதும் என்று செய்தது, அரைவேக்காடு. மழை மேலிருந்து இறங்கவில்லை, மூடி அதைத் தடுத்துவிட்டது. நான் இரண்டு வேளையும் விட்ட தண்ணீர் பக்கவாட்டில் ஊறி ஊறிப் பானையைக் கரைத்திருக்கிறது. விரலால் தொட்டதும் களிமண்ணாக வந்தது. சாம்பலும் செம்மண்ணும் ஒன்றாகிவிட்டன. அந்திமந்தாரை வேர் உள்ளே புகுந்து வலை பின்னியிருக்கிறது. வேரைப் பிடித்து லேசாக இழுத்தேன், வெள்ளையாக ஒரு துண்டு கூடவே வந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

இன்னும் பத்து நாளில் பிள்ளை வருகிறான். கேட்டது ஒன்றே ஒன்று. அதைக்கூட என்னால் வைத்துக் காப்பாற்ற முடியவில்லை.


நவம்பர் 15, வெள்ளி

கேட்டுக்குப் பக்கத்தில் இஸ்திரி வண்டி போடுகிற காளியப்பனிடம் சாம்பல் கேட்டேன். செடியில் அசுவினிப் பூச்சி, தூவ வேண்டும் என்றேன். அது பொய் இல்லை, செவ்வந்தித் தண்டில் பூச்சி இருக்கத்தான் செய்கிறது. ஒரு பை நிறையச் சலித்துக் கொடுத்தார். தேங்காய்ச் சிரட்டைக் கரிச் சாம்பல், நல்ல வெளுப்பு.

புதுப் பானை வாங்கி அதில் கொட்டி, மஞ்சள் துணி கட்டினேன். பார்த்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இவரே பார்த்தாலும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார். வாட்ச்மேனிடம் கொடுத்துக் கீழே மோட்டார் ரூமில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இஸ்திரிச் சாம்பலைக் கரைத்துவிட்டு என் பிள்ளை கண்ணீர் விட்டுக்கொண்டு தண்ணீரில் முங்குவான். படி என்று சொல்லச் சொன்ன மாதிரி இதுவும் ஒன்று. அந்தத் தடவை அவனுக்காகச் செய்ததாகச் சொல்லிக்கொண்டேன். இந்தத் தடவை யாருக்காக?


நவம்பர் 17, ஞாயிறு

சாயங்காலம் ஐந்தேகாலுக்கு அந்திமந்தாரை பூத்தது. ஒரே ஒரு பூ, அடர்ந்த ரோஸ் நிறம். கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஜன்னலைத் திறக்கவில்லை.

எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு இந்த ஜன்னலில் கிரில் கிடையாது. திட்டில் மூன்று மண் தொட்டி வைத்திருந்தேன், மூன்றிலும் அந்திமந்தாரை. சாயங்காலம் தண்ணீர் ஊற்றும்போது எதிர் பிளாக் பால்கனியில் துணி எடுக்க வருகிற மேரி டீச்சரும் நானும் பேசிக்கொள்வோம். ஒன்றும் பெரிய பேச்சில்லை. என்ன குழம்பு, குக்கர் விசில் போய்விட்டது, அந்த மாதிரி. அன்று அவள் என்னவோ சொன்னாள், நான் வாய்விட்டுச் சிரித்தேன். இவர் சீக்கிரமே வந்திருந்தார். பின்னால் வந்து நின்றதே எனக்குத் தெரியாது. "சத்தம் தெரு வரைக்கும் கேக்குது" என்றார். என்னை அடிக்கவில்லை. நகர்த்திவிட்டு, முதல் தொட்டியைத் தள்ளினார். பிறகு இரண்டாவது. முதல் சத்தம் கேட்டு, விளையாடிக்கொண்டிருந்த நவநீதன் என்னவென்று பார்க்க ஜன்னலுக்கு அடியில் ஓடி வந்தான். நான் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். மூன்றாவதும் போய்விட்டது.

டக், டக், டக்.

கீழே பிள்ளை நிற்பது இவருக்குத் தெரிந்ததா? நான் பின்னால் நின்றேன். இவர் முதுகுதான் தெரிந்தது. முகம் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். இருபத்து மூன்று வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். தெரிந்துதான் தள்ளினேன் என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் இந்த வீட்டில் எப்படி இருப்பது என்று கேட்காமலே இருந்துவிட்டேன். எனக்கு இவர் மேல் வெறுப்பு. செத்த பிறகும் போகவில்லை. எழுதிப் பார்த்தால் கனம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.


நவம்பர் 20, புதன்

இன்று ஏழு பூ.


நவம்பர் 23, சனி

வந்துவிட்டான். கறுத்து, இளைத்து, தாடியோடு. செருப்பைக் கழற்றியதும் நேராக ஜன்னலுக்குத்தான் போனான். கொக்கியை எடுத்துக் கதவு இரண்டையும் விரியத் திறந்தான். மாலை நேரம். நடுத் தொட்டி முழுக்கப் பூ. பானையை அதற்குள் மறைத்து வைத்திருப்பதாக முன்பே அவனிடம் போனில் சொல்லியிருந்தேன்.

"அந்திமந்தாரையாம்மா?" என்றான்.

காபி கொடுத்தேன். எதிரில் உட்கார்ந்தேன். மோட்டார் ரூம் பானையைப்பற்றிச் சொல்ல வாய் எடுத்தேன். விரல் மேசையில் தட்ட ஆரம்பித்தது, இந்தத் தடவை எனக்கே தெரிந்தது. அவன் நிமிர்ந்து என் கையைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு நொடி எட்டு வயசு வந்து போயிற்று. என் கையை இன்னொரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பான ஒடஞ்சுருச்சு சாமி. நான் தண்ணி ஊத்தி ஊத்திக் கரஞ்சுருச்சு. உங்கப்பா பூராவும் அந்தத் தொட்டி மண்ணுலதான் இருக்காரு. பிரிக்க முடியாது. உனக்குத் தெரியக்கூடாதுன்னு இஸ்திரிக்காரர்கிட்ட சாம்பல் வாங்கி ஒரு பானைல கட்டி வெச்சேன். உன்ன ஏமாத்தப் பாத்தேன்."

சொல்லத் தொடங்கிய பிறகு எனக்கு நிறுத்த முடியவில்லை. "இதோட ரெண்டாவது தடவ. நீ படில விழுகல கண்ணு" என்றேன்.

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"தொட்டி. மூணாவது தொட்டி. மேல இருந்து வர்றதப் பாத்துட்டுத்தான நின்னேன்."

"அப்பறம் ஏன்டா இத்தன வருஷம்..."

"நீ படின்னு சொன்ன. நானும் படின்னே சொன்னேன்." புருவத்துத் தழும்பைத் தேய்த்துக்கொண்டான். யோசிக்கும்போது சின்ன வயசில் இருந்தே அதைத்தான் தேய்ப்பான். "அப்பா என்னப் பாத்தாரும்மா. தொட்டி கைய விட்டுப் போனதுக்கப்பறம்தான் பாத்தாரு. ரெண்டு கையும் நீட்டிப் புடிக்கப் பாத்தாரு. பாதி உடம்பு ஜன்னலுக்கு வெளிய வந்துருச்சு. எட்டல. அந்த மூஞ்சி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்குது. அதனாலதான் நானே கொண்டு போறேன்னு சொன்னேன்."

நான் எழுந்து அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன்.

முதுகுக்குப் பின்னால் நின்ற நான் பார்க்காத முகம் அது. பாதி உடம்பு வெளியே போனதை நானும் பார்த்தேன். எட்டிப் பார்க்கிறார் என்று நினைத்தேன். தள்ளியது சரியாக விழுந்ததா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். அவன் சொல்வது நிஜம்தானா, அம்மா ஆறட்டும் என்று சொன்னானா தெரியவில்லை. பொய் சொல்லக் கற்றுக் கொடுத்தவளே நான்தானே, எப்படிக் கேட்பது? ஆனால் அதற்கப்புறம் இவர் ஒரு நாளும் அந்த ஜன்னல் பக்கம் நின்றதில்லை. சாத்தியிருக்கிறதா என்று தூரத்தில் இருந்தே பார்த்துவிட்டு வந்து எழுதுவார். என்னைப் பூட்டி வைத்த ஜன்னல் என்று நான் நினைத்தேன். இவரும் அதைப் பார்க்க முடியாமல்தான் பூட்டினாரோ என்னவோ. பூட்டினது பூட்டினதுதான். அதை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அழுதேன். ஒன்றரை மாசமாக வராத அழுகை.

அவன் வந்து அடுப்படி வாசலில் நின்றான். "தொட்டியோட கொண்டு போயரலாம்மா. மண்ணு, பூவு எல்லாத்தையும் ஆத்துல விட்டறலாம்" என்றான்.


நவம்பர் 24, ஞாயிறு

வாசல் வழியாக எடுத்துப் போகக்கூடாது. வந்த வழியே போகட்டும் என்றான் நவநீதன். கப்பல்காரன், கயிற்றில் முடிச்சுப் போடத் தெரியும். தொட்டியின் நாலு மூலையையும் சேர்த்துக் கட்டி, கிரில் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி நுனியை என் கையில் கொடுத்தான். "ஒரே ஆளு எறக்கலாம்மா. சுத்துனதால கனம் தெரியாது. மெதுவா விடு. நான் கீழ நிக்கறேன்."

"நீ நிக்க வேண்டாம். வாட்ச்மேன் நிக்கட்டும்."

"நான்தாம்மா நிக்கோணும்" என்றுவிட்டுப் படி இறங்கிப் போனான்.

மோதிரத்தைக் கழற்றி, அந்திமந்தாரை வேரடியில் விரலால் குழி பறித்து உள்ளே அமுக்கினேன். கிரில்லின் சின்னக் கதவைத் திறந்து தொட்டியை வெளியே நகர்த்தினேன். காலை வெயில். பூவெல்லாம் கூம்பியிருந்தது.

எட்டிப் பார்த்தேன். அன்றைக்கு நின்ற அதே இடம். அண்ணாந்து பார்க்கிறான். கயிறு வேர்வையில் வழுக்கியது. கையை விட்டுவிடுவேனோ என்று பயந்து நிறுத்திவிட்டேன். தேன்மொழி ஜன்னலுக்கு நேராகத் தொட்டி அந்தரத்தில் நின்றது. ஜன்னலில் தேன்மொழி வந்து நின்றாள், கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பயப்படாதம்மா. விடு. நான் புடிச்சுக்கறேன்" என்று கீழே இருந்து கத்தினான்.

சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. எதிர் பிளாக்கில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். நானும் பதிலுக்குக் கத்தினேன், "இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லு சாமி!" நான் இந்த ஜன்னலில் இருந்து அவ்வளவு சத்தமாகப் பேசி இருபத்து மூன்று வருஷம் ஆகிறது.

அவன் தள்ளி நிற்கவில்லை. இரண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டு நின்றான். பாதி உடம்பு ஜன்னலுக்கு வெளியே தெரிய, நான் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். கையில் கனம் நின்றுபோகும் வரைக்கும் கண்ணை மூடவில்லை.